அரிய நோயும் அலைகின்ற நோயாளியும்

மொழியுரிமையும் காணியுரிமையும் தீர்வின்றிக் கிடக்கும் நாட்டிலே, குடல் நோயைப் பற்றி எழுத ஓர் அரசியல் வார இதழுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடையை ஒரே வாக்கியத்தில் கூறிவிட எம்மால் முடியாது. வன்னியிலே வயல் செய்யும் நாற்பது வயதுக் கமக்காரர் ஒருவரை மனத்திலே நிறுத்திக்கொண்டு எம்முடன் சற்றுத் தூரம் வருமாறு வேண்டுகின்றோம். அவர் நாம் கற்பித்துக்கொண்ட ஒருவரே. ஆயினும் அவரை அறியாத கிராமம் எமது மாகாணங்களில் இல்லை.

அவருக்குச் சோறு நெஞ்சுக்குள் அடைக்கின்றது. தண்ணீர் குடித்து இறக்கப் பார்க்கின்றார். சில வேளை தண்ணீரும் இறங்குவதில்லை. உண்டபின் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, கையை உயர்த்தி உணவைத் தள்ளும் வித்தையொன்றைத் தாமாகவே கற்றுக்கொண்டிருக்கின்றார். இரவிலே படுத்தால் உண்டது மேலேறி இருமல் எடுக்கின்றது. இரண்டு ஆண்டுகளில் உடம்பு பாதியாகிவிட்டது. முதல் வைத்தியர் ‘காஸ்ரிக்’ என்றார். இரண்டாமவர் இரவு இருமலைக் கேட்டு இழுப்புக்கு மருந்து கொடுத்தார். மூன்றாமவர் சளியைச் சயரோகப் பரிசோதனைக்கு அனுப்பினார். நான்காமவர், கடனும் கவலையும் உள்ள மனிதர் என அறிந்து, மனத்தைத் தேற்றிக்கொள்ளும்படி கூறினார். நால்வரும் தவறான மனிதர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தம்மிடம் கூறப்பட்டதற்குத் தக்க மருந்தையே கொடுத்தனர்.

இந் நோய்க்கு ஆங்கில வைத்தியத்தில் அக்கலேசியா என்று பெயர். வாயிலிருந்து இரைப்பைக்கு உணவைக் கொண்டுசெல்லும் களத்தின் அடியிலே ஒரு தசை வளையம் உண்டு. விழுங்கும்போது அது நெகிழ்ந்து வழிவிடல் வேண்டும். அதனை நெகிழச் செய்யும் நரம்புக் கலங்கள் அழிந்துபோனால் வளையம் இறுகியே நிற்கும். மேலேயுள்ள குழாய் நாளடைவில் தளர்ந்து பைபோல விரியும். ஓர் இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவரளவிலேயே புதிதாக இந் நோய்க்கு ஆளாகின்றனர். நோய் புதியதன்று. ஆங்கில வைத்தியர் தோமஸ் வில்லிஸ் 1674ஆம் ஆண்டிலேயே இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதிவைத்தார். திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியிலே கடற்பஞ்சு கட்டி, அதனால் உணவைக் கீழே தள்ளித் தள்ளி அம் மனிதர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1913ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் ஹெல்லர் அத் தசை வளையத்தை வெட்டி விடும் சத்திரசிகிச்சையைச் செய்தார். இக்காலத்தில், யப்பானியரான இனோவே வகுத்த முறைப்படி, வாய்வழி செலுத்திய குழாயினூடாகவே அத் தசையை வெட்டிவிடவும் முடிகின்றது. மருந்தற்ற நோயன்று இது என்பதைக் கவனித்தல் வேண்டும். அழிந்த நரம்பு மீளாது; ஆனால் மனிதர் மீண்டும் சோறு தின்பார்.

அவ்வாறாயின் இரண்டு ஆண்டுகள் ஏன் வீணாகின்றன? குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்தாலும் ஆரம்ப நிலையில் எல்லாம் சரியாகவே தோன்றக்கூடும் என்பது ஒரு காரணம். பேரியக் கரைசலை விழுங்கச் செய்து எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தால், களத்தின் அடி பறவையின் அலகுபோல ஒடுங்கி நிற்பது தெரியும். களத்தின் உள்ளழுக்கத்தை அளக்கும் கருவி ஐயத்தைத் தீர்த்துவைக்கும். ஆயினும் இப் படத்தையும் அளவையும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் ஒரு வைத்தியர் மனத்தில் எழ வேண்டுமே! அதை எழுப்புவது இயந்திரம் அன்று, இரண்டு கேள்விகள்.

“சோறு மட்டுந்தான் அடைக்கிறதா, தண்ணீருமா?” என்பது முதற் கேள்வி. களத்திலே புற்று வளரும்போது பெரும்பாலும் கட்டியான உணவே முதலில் தடைப்படும். பின்னர்தான் கஞ்சியும் நீரும். அக்கலேசியாவிலோ தொடக்கம் முதலே இரண்டும் தடைப்படுவதுண்டு. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் எமது கமக்காரருக்கு இவ் வேறுபாடு உயிரோடு ஒட்டியது. அப் பழக்கம் வாய்ப்புற்றுக்கும் களப்புற்றுக்கும் வழிவகுப்பது ஐயமற நிறுவப்பட்டதாதலின், விழுங்க இயலாமை எதுவாயினும் முதலில் புற்று இல்லையென்று உறுதிசெய்தல் வேண்டும்.

இரண்டாம் கேள்வியிலேதான் எமது அரசியல் நுழைகின்றது. “வருவது சத்தியா, எதுக்களிப்பா?” சத்தி என்பது இரைப்பையிலிருந்து ஓங்காளித்து வருவது, புளிக்கும், கசக்கும். எதுக்களிப்பு என்பது ஓங்காளமின்றி, உண்டது உண்டபடியே மேலே வருவது. அக்கலேசியாக்காரர் எதுக்களிக்கின்றார், அவருக்குச் சத்தியில்லை. எமது பாட்டிமார் பிரித்தறிந்து வழங்கிய இரு சொற்கள் இவை. மருத்துவ நூல்களும் இவ்விரண்டையும் இரு பெயரால் பிரித்தே வைத்திருக்கின்றன. ஆனால் தமிழறியாத வைத்தியரின் முன்னே எமது கமக்காரர் நிற்கும்போது நிகழ்வது யாது? பக்கத்திலே நிற்கும் சிற்றூழியர் ஒருவர், அரைகுறையாக அறிந்த மொழியிலே, “வாந்தியாம்” என்று மொழிபெயர்த்து விடுகின்றார். அந்த ஒரு சொல்லோடு நோயின் அடையாளம் அழிந்துவிடுகின்றது. மொழியுரிமை என்பது பெயர்ப்பலகையிலும் படிவத்திலும் உள்ள எழுத்தைப் பற்றியது மாத்திரம் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பார்களாக. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. கட்டிலருகே அது மொழியாயிற்றா என்பதே எமது வினா.

இனி இதனினும் அரியதொரு நோயைக் கூறுவோம். 1907ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே ஜோர்ஜ் விப்பிள் என்ற இளம் வைத்தியர் ஒரு பிரேதத்தைப் பரிசோதித்தார். இறந்தவர் 36 வயதான மிஷன் வைத்தியர். தாமே வைத்தியராக இருந்தும் அவரது நோயை எவரும் அறிந்தாரில்லை. ஆண்டுக்கணக்கில் மூட்டுவலி, பின்னர் இருமல், வயிற்றோட்டம், உடல் மெலிவு. விப்பிள் அவருடைய குடற்சுவரிலே கொழுப்பு நிறைந்திருக்கக் கண்டு, அது கொழுப்பைப் பற்றிய கோளாறு என்றே கருதினார். கோலுருவான நுண்ணுயிர்களையும் அவர் கண்டு குறித்துவைத்தார். ஆனால் அவையே காரணமென்று துணிந்தாரில்லை. 1961ஆம் ஆண்டில் இலத்திரன் நுணுக்குக்காட்டி அவை பற்றீரியாக்களே எனக் காட்டிற்று. 2000ஆம் ஆண்டிலேதான் அவற்றை ஆய்வுகூடத்தில் வளர்க்க முடிந்தது. விப்பிள் 1934ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அது இதற்காக அன்று, இரத்தச்சோகை ஆராய்ச்சிக்காக.

பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு வரும் நோயைப் பற்றி இவ்வளவு ஏன்? இது எம்மவரைத் தாக்கும் பெருநோய் என்று நாம் கூறவில்லை. கண்டறியப்பட்டோரிற் பெரும்பாலோர் நடுவயது ஐரோப்பியர், அவருள்ளும் மண்ணோடு உழைப்போர் பலர். நாம் அதை எடுத்துக்கொண்டது அதன் நடையைக் காட்டவே. நோயாளி முதலில் மூட்டு வைத்தியரிடம் செல்கின்றார். வாதம் என்று கருதி உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுக்கப்படுகின்றது. நுண்ணுயிர் அதனால் மேலும் பெருகுகின்றது. ஆண்டுகள் கழித்து வயிற்றோட்டம் வரும்போது அவர் வேறொரு வைத்தியரிடம் செல்கின்றார். அங்கே மூட்டைப் பற்றி எவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. இரு வைத்தியர் கையிலும் நோயின் ஒவ்வொரு பாதி இருக்கின்றது. சிறுகுடலிலிருந்து எடுத்த சிறு இழையத் துண்டைத் தக்க சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் விடை கிட்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஓராண்டளவு உட்கொண்டால் பெரும்பாலோர் குணமடைவர். மருந்தின்றி விட்டால் மரணம். அந்த மிஷன் வைத்தியருக்கும் இந் நோயாளிக்கும் இடையிலுள்ள வேறுபாடு நூறு ஆண்டு அறிவும் ஒரு துண்டு இழையமுமேயாகும்.

எமது நாட்டிலும் அயல்நாட்டிலும் வைத்தியரை உண்மையில் வருத்துவது வேறொரு இரட்டை. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்திலே, வலது அடிவயிற்றிலே, புண்ணும் ஒடுக்கமும் உண்டாகின்றன. காய்ச்சல், மெலிவு, வயிற்றுவலி. இது குடற் சயரோகமா, குரோன் நோயா? குரோன் நோய் என்பது 1932ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையால் பெயர் பெற்றது. அகர வரிசையில் முதலில் நின்றமையாற் குரோனின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. 1913ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோவில் டல்சியல் என்ற சத்திரவைத்தியர் இதனை விவரித்து, மாடுகளுக்கு வரும் ஜோனின் நோயோடு ஒப்பிட்டார். மாடு வளர்க்கும் எமது வாசகர் இச் செய்தியைச் சுவைப்பர்.

இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். நுணுக்குக்காட்டியிலும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். சயரோகக் கிருமி இழையத் துண்டிலே அகப்படுவது சிலரிடத்தில் மாத்திரமே. வளர்த்துப் பார்க்க வாரங்கள் செல்லும். ஆனால் மருந்தோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். குரோன் என்று கருதி ஸ்ரெறொயிட் கொடுத்து, உள்ளது சயரோகமாயின், நோய் உடலெங்கும் பரவும். சயரோகம் என்று கருதி மாதக்கணக்கில் அதற்கான மருந்தைக் கொடுத்து, உள்ளது குரோனாயின், குடல் ஒடுங்கி அடைபடும் வரை காலம் கழிந்துவிடும். ஆதலின் ஐயமுள்ள இடத்துச் சயரோக மருந்தையே முதலிற் கொடுத்து, இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் உட்பார்த்துப் புண் ஆறிற்றா என அறிவது எமது நிலப்பகுதி வைத்தியர் கைக்கொள்ளும் முறை. வலி குறைந்துவிட்டது என்று நோயாளி கூறுவது போதாது. புண் ஆறியதைக் கண் காணவேண்டும். இங்கேதான் எம்மவர் தவறுகின்றனர். வலி குறைந்தவுடன் இரண்டாம் பரிசோதனைக்குச் செல்வதில்லை. நாற்று நடுகை வந்துவிட்டது, அறுவடை வந்துவிட்டது, மகளுக்குச் சம்பந்தம் வந்துவிட்டது! பின்னர் வேறு ஊரிலே, வேறு வைத்தியரிடம், முதலிலிருந்து தொடங்குகின்றனர்.

இங்கிலாந்தின் சாமுவேல் ஜீ 1888ஆம் ஆண்டில் விவரித்த சீலியாக் நோயைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். கோதுமையிலுள்ள ஒரு புரதம் சிலரது சிறுகுடலைச் சிதைக்கின்றது. ஒல்லாந்த வைத்தியர் டிக்கே, போர்க்காலத்து 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே பாண் கிடைக்காதபோது இந் நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், பாண் மீண்டபோது மீண்டும் மெலிந்ததையும் கண்டு தம் ஐயத்தை உறுதிசெய்தார். இந்தியாவில் நடந்த ஆய்வொன்று, கோதுமையுண்ணும் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரிடமும் அரிசியுண்ணும் தெற்கில் நூற்றுக்கு 0.10 பேரிடமும் இந் நோயைக் கண்டது. நாம் அரிசி உண்பவர் என்று இறுமாந்திருக்க வேண்டா. காலையிற் பாண், மாலையிற் கோதுமைமாப் புட்டு என்று எமது அடுக்களை மாறிப் பல்லாண்டுகள் ஆயின. இரும்புச்சத்து மாத்திரைக்கு அசையாத இரத்தச்சோகையைக் கண்டால் வைத்தியர் இதனையும் நினைக்க வேண்டும். அயலார் சொற்கேட்டுப் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடுதல் பெருந்தவறு. இரத்தப் பரிசோதனை பொய்த்துவிடும்.

எமது தீவின் பெயரையே தாங்கிய குடல்நோயும் ஒன்றுண்டு. வாய்ப்புண், வயிற்றோட்டம், இரத்தச்சோகை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் ஸ்புரூ என்னும் நோயை முற்கால வெள்ளை வைத்தியர் ‘இலங்கை வாய்ப்புண்’ எனவும் அழைத்தனர். போலிக் அமிலமும் ரெற்றாசைக்கிளினும் அதற்கு மருந்தாயின. 1960களில் தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் அது கொள்ளைநோய்போலப் பரவியதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் ஊரூராகச் சென்று ஆராய்ந்தனர். நகர மாளிகையிலிருந்து அறிய முடியாததை ஊருக்குப் போய் அறிந்தார்கள்.

குழந்தைகளுக்கு வரும் ஒன்றை மாத்திரம் தாய்மார் பொருட்டு அழுத்திக் கூறுகின்றோம். பிறந்த குழந்தை முதற் கருமலத்தை ஒரு நாளுக்குள்ளே, தவறினால் இரண்டு நாளுக்குள்ளே கழித்தல் வேண்டும். கழிக்காது வயிறு ஊதிப் பச்சையாகச் சத்தியெடுத்தால், பெருங்குடலின் அடியிலே நரம்புக் கலங்கள் இல்லாதிருக்கக்கூடும். கோப்பன்ஹேகனின் ஹிர்ஷ்ஸ்பிறங் 1886ஆம் ஆண்டில் விவரித்த இந் நோய் ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது, சத்திரசிகிச்சையால் தீர்வது. தாமதித்தால் குடல் அழன்று குழந்தை இறந்துவிடும். வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் “பிள்ளை எப்போது மலங்கழித்தது?” என்று கேட்கும் அந்த ஒரு வினா, எந்தக் கதிரியக்கக் கருவிக்கும் குறைந்ததன்று.

எமது மக்களையும் சிறிது கடிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது. வயிற்றில் வரும் எதுவானாலும் ‘காஸ்ரிக்’ என்று நாமே பெயர் சூட்டி, மருந்துக்கடையிலே மாத்திரை வாங்கி விழுங்குகின்றோம். வைத்தியரிடம் போனாலோ, முன்னர் பார்த்த வைத்தியரைப் பற்றிக் கூறினால் இவர் கோபிப்பார் என்று மறைக்கின்றோம். மாலை வேளையில் ‘சனல்’ பண்ணி வரிசையில் நின்று, சில நிமிடங்களில் மருந்துச்சீட்டோடு திரும்புகின்றோம். படித்தவரும் இதற்கு விலக்கல்லர். அரிய நோயோ ஒருநாளில் முகங்காட்டுவதன்று. அது நான்கு வைத்தியரிடம் கூறிய நான்கு கூற்றுக்களையும் ஒருவர் கூட்டிப் பார்க்கும்போதே வெளிப்படுவது. வைத்தியரை மாற்றிக்கொண்டே போகின்றவன் அந்தக் கூட்டலை எவருக்கும் இயலாததாக்குகின்றான்.

மறுபுறத்திலே, இதை வாசித்துவிட்டு வயிறு உப்பிய ஒவ்வொருவரும் தமக்கு விப்பிளின் நோய் என்று அஞ்சுவதும் நகைப்புக்கிடமாகும். வயிற்று நோய்களிற் பெரும்பாலானவை சாதாரணமானவை; சில நாட்களில் தீர்பவை. விழுங்க இயலாமை, காரணமின்றி மெலிதல், மலத்தில் இரத்தம், ஓயாத காய்ச்சல், இரவில் எழுப்பும் வயிற்றோட்டம், மாத்திரைக்கு அசையாத இரத்தச்சோகை ஆகிய இவை இருந்தால் மாத்திரம் காத்திருத்தல் கூடாது.

அரசிடம் நாம் கேட்பது யாது? அரசியல்வாதிகளுக்கு இயந்திரம் பிடிக்கும். நாடா வெட்டலாம், படம் பிடிக்கலாம். நோயியல் நிபுணரை நாடா வெட்டித் திறக்க முடியாது. ஆனால் மேலே கூறிய நோய்களிற் பெரும்பாலானவற்றில் இறுதித் தீர்ப்பு வழங்குபவர் இழையத் துண்டை நுணுக்குக்காட்டியில் நோக்கும் அவரே. வடக்கிலும் கிழக்கிலும் எடுக்கப்படும் துண்டு அங்கேயே, சில நாட்களிலே, குடல்நோயிற் பயின்ற கண்ணால் பார்க்கப்படுதல் வேண்டும். மாகாணத்திற்கு ஓரிடத்திலாவது களத்தின் அழுக்கத்தை அளக்கும் வசதி இருத்தல் வேண்டும். குடல் வைத்தியரும், சத்திரவைத்தியரும், நோயியலாரும், கதிர்ப்பட நிபுணரும் ஐயமான நோயாளிகளை ஒரே மேசையில் வைத்துப் பேச நாள் குறித்தல் வேண்டும். 1978ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கின்றது. அதில் பயின்றோர் உலகெங்கும் பணிபுரிகின்றனர். அறிவுக்குப் பஞ்சம் இல்லை.

தமிழிலே இவ்வறிவைத் தருதல் இயலுமா என்று கேட்போருக்கு மானிப்பாயைச் சுட்டுவோம். 1847ஆம் ஆண்டில் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டே எம்மவருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. அந்நியர் ஒருவர் செய்ததை, சொந்த மொழியினர் இன்று ஓர் அட்டையளவிலேனும் செய்யலாகாதா?

அட்டை என்றதும் எமது முதற் கோரிக்கைக்கே வந்துவிட்டோம். வைத்தியசாலையை விட்டு வெளியேறும் நோயாளியின் கையிலே கொடுக்கப்படும் நோய்நிர்ணய அட்டை ஆங்கிலத்திலே, பெரும்பாலும் பிற வைத்தியருக்கும் விளங்காத கையெழுத்திலே இருக்கின்றது. நோயாளிக்கு அது பொலித்தீன் உறைக்குள் கிடக்கும் தாயத்து. அதனோடு ஐந்து வரி தமிழில் இருக்கட்டும்: என்ன நோய் என ஐயுற்றனர், என்ன பரிசோதனை செய்தனர், என்ன கண்டனர், எது இல்லையென அறிந்தனர், மீண்டும் எப்போது, எதற்காக வரவேண்டும். சிங்கள நோயாளிக்கு இதே ஐந்து வரி சிங்களத்தில் இருக்கட்டும். அவரும் இதே இருளிலேதான் நிற்கின்றார். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை, வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையொன்று போதும்.